டாக்டர் பாப்புக்கு எந்தக் கூட்டம் ஒத்துவந்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

குடியை விடுவதற்கான கூட்டத்துக்குப் போகச் சொன்னால், "போய்ப் பார்த்தாச்சு, நமக்கு ஒத்துவரலை" என்று சொல்பவர்கள் நிறைய. வீட்டில் இருப்பவர்கள் இதைச் சாக்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் சாக்குதான். ஆனால் சில நேரம் அந்த ஆள் உண்மையைச் சொல்கிறார்: உட்கார்ந்தார், கேட்டார், ஒன்றும் ஒட்டவில்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் ஒரு நிகழ்வு 1933 முதல் 1935 வரை அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆக்ரன் நகரத்தில் நடந்தது. ஒரு அறுவை மருத்துவர் இரண்டரை ஆண்டுகள் ஒரு குழுவுக்குப் போய்வந்தார். சும்மா தலைகாட்டவில்லை, படித்தார், ஜெபித்தார். ஒவ்வொரு இரவும் குடிக்கவும் செய்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முன்பின் தெரியாத ஒருவரோடு ஆறு மணி நேரம் பேசினார். அடுத்த ஒரு மாதத்துக்குள் கடைசியாகக் குடித்தவர், 1950-ல் சாகும்வரை தொடவில்லை. அவர்தான் பிற்பாடு டாக்டர் பாப் என்று அறியப்பட்ட, குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) அமைப்பின் இரு நிறுவனர்களில் ஒருவர்.

ஏஏ வட்டாரத்தில் இதை அமைப்பு பிறந்த கதையாகச் சொல்வார்கள். நான் இங்கே அதைக் குழு மாறிய ஒருவரின் கதையாக எடுத்துக்கொள்கிறேன். ஆதாரம் பெரும்பாலும் அவருடைய சொந்த வாக்குமூலம்: 1939-ல் அமைப்பின் முதல் நூலில் எழுதியது, 1948-ல் டெட்ராய்ட்டில் பேசியது. கூட, அந்த ஞாயிறு எதிரில் உட்கார்ந்திருந்தவர் சொன்னவையும் உண்டு. திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதைகள் மெருகேறிப்போகும், அதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

ஆள்

ராபர்ட் ஹோல்ப்ரூக் ஸ்மித் 1879-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தார். கண்டிப்பான வீடு. சிறுவயதில் வாரத்துக்குப் பலமுறை தேவாலயத்துக்குப் போகவைத்தார்கள். வீட்டுக் கட்டுப்பாடு விலகியதும் இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்து, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்தார். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

டார்ட்மத் கல்லூரியிலேயே குடி ஆரம்பமாகிவிட்டது. மருத்துவப் படிப்பு மிச்சிகனில் தடுமாறி, சிகாகோவின் ரஷ் மருத்துவக் கல்லூரிக்கு மாறியது. அங்கே இறுதித் தேர்வில் கை நடுக்கத்தால் பென்சில் பிடிக்க முடியாமல், மூன்று விடைத்தாள்களையாவது ஒரு எழுத்தும் இல்லாமல் கொடுத்துவிட்டு வந்தார். இன்னும் இரண்டு பருவம் படிக்க வேண்டும், அதுவரை சொட்டுக்கூட குடிக்கக்கூடாது என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. அதை அவர் நிறைவேற்றினார். பிறகு ஆக்ரன் சிட்டி மருத்துவமனையில் இரண்டு ஆண்டுப் பயிற்சியையும் வேலைப் பளுவிலேயே நல்லபடியாக முடித்தார். சொந்தமாக கிளினிக் திறந்ததும் குடி திரும்பிவந்தது.

இங்கேயே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஒரு கெடு விதித்தால் இவரால் நிறுத்த முடிந்தது. கெடு முடிந்ததும் முடியவில்லை. நம் ஊரில் மாலை போட்டிருக்கும் மண்டலம் முழுக்கச் சுத்தமாக இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போகிறவரை எல்லாருக்கும் தெரியும். கோயிலில் கயிறு கட்டி வந்தவர்கள், பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்கள் கதையும் இதுதான். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது தவறு. நாற்பத்தெட்டு நாள் தாங்குவதற்கு நிறையவே உறுதி வேண்டும். நாற்பத்தொன்பதாம் நாளுக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தபோது ஸ்மித் நிம்மதி அடைந்தாராம், இனி கிடைக்காது என்று. கள்ளச்சரக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கும், மருத்துவர் என்ற முறையில் ஆல்கஹால் எழுதி வாங்க எவ்வளவு வழி இருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. பாட்டில்களை நிலக்கரித் தொட்டியிலும், அழுக்குத்துணி போடும் குழாயிலும், கதவு நிலையின் மேலும், நிலவறை உத்தரத்திலும் ஒளித்துவைத்தார். இரண்டு பயம் அவரை ஆட்டிவைத்தன என்று எழுதுகிறார்: தூக்கம் வராமல் போகுமோ, சரக்கு தீர்ந்துபோகுமோ. காலை நடுக்கத்துக்கு மயக்க மாத்திரை, பகலில் வேலை, இரவில் குடி. மதுவிலக்கு நீங்கியதும் பீர் மட்டும் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று பரிசோதனை செய்தார், எடைதான் ஏறியது. சிகிச்சை விடுதிகளில் பலமுறை சேர்ந்துவிட்டு வந்தவர். மனைவி ஆன், இரண்டு பிள்ளைகள், கடன், குறைந்துவரும் நோயாளிகள்.

முதல் குழு

ஆக்ரன் அப்போது உலகின் ரப்பர் தலைநகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்கேதான். ஃபயர்ஸ்டோன் நிறுவனரின் மகன் ஒருவர் குடியிலிருந்து மீண்டதற்கு ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் என்ற கிறித்தவ இயக்கம் காரணம் என்று அந்தக் குடும்பம் நம்பியது. 1933 ஜனவரியில் இயக்கத்தின் தலைவர் ஃப்ராங்க் புக்மனும் அவருடைய ஆட்களும் ஃபயர்ஸ்டோன் அழைப்பில் ஆக்ரனுக்கு வந்து பெரிய கூட்டங்கள் நடத்தினார்கள். அந்த அலையில் நகரத்தின் வசதியான வீடுகளில் சிறு குழுக்கள் உருவாயின. முழு நேர்மை, முழுத் தூய்மை, முழுத் தன்னலமின்மை, முழு அன்பு என்று நான்கு அளவுகோல்கள். தவறுகளை மற்றவர் முன் ஒப்புக்கொள்வது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது, காலையில் அமைதியாக உட்கார்ந்து வழிகாட்டுதலுக்குக் காத்திருப்பது ஆகியவை நடைமுறைகள்.

ஆன் ஸ்மித் ஒரு குழுவுக்குப் போனார், கணவரையும் கூட்டிப்போனார். டாக்டருக்கு அந்த ஆட்களைப் பிடித்திருந்தது. அவர்களிடம் ஒரு நிதானம், ஆரோக்கியம், மகிழ்ச்சி தெரிந்தது என்றும், கூச்சமே இல்லாமல் பேசினார்கள் என்றும் எழுதுகிறார். அடுத்த வரியிலேயே, தன்னால் அப்படிப் பேச முடியவில்லை, பெரும்பாலும் சங்கடமாகவே உட்கார்ந்திருந்தேன் என்கிறார். அவர்களிடம் இருப்பது ஆன்மிகம் சம்பந்தப்பட்டது என்று புரிந்ததும் ஆர்வம் குறைந்தது. ஆனாலும் கெடுதல் இல்லையே என்று தொடர்ந்தார். கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார். தேவாலயம் பக்கமே போகாதவர் இப்போது வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

குழுவில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண் இருந்தார், குட்இயர் நிறுவனரின் மருமகள். டாக்டரின் பிரச்சினையை அவர் ஊகித்துவிட்டார். 1935 வசந்தத்தில் அவர் ஒரு கூட்டத்தை வேண்டுமென்றே அதற்காகவே ஏற்பாடு செய்தார்: முதலில் மற்றவர்கள் தங்களுக்குச் சொல்லக் கடினமானவற்றைச் சொன்னார்கள், அப்புறம் டாக்டரின் முறை வந்தது. தான் மறைவில் குடிப்பவன், நிறுத்த முடியவில்லை என்று அவர் முதல்தடவையாக வாய்விட்டுச் சொன்னார். எல்லாரும் அவருக்காக ஜெபித்தார்கள்.

குடி நிற்கவில்லை.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை எல்லாம் இங்கே நிறைவேறிவிட்டது. நல்ல மனிதர்கள், தவறாத வருகை, மனைவியின் துணை, கடைசியில் மனம் திறந்த ஒப்புதல். குழு இவரை வெறுக்கவில்லை, கைவிடவும் இல்லை. இருந்தும் வேலை செய்யவில்லை. "இன்னும் கொஞ்சம் மனசு வைத்துப் போயிருந்தால்" என்று இந்த மனிதரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஞாயிறு மாலை ஐந்து மணி

பில் வில்சன் நியூயார்க் பங்குச்சந்தை ஆள். 1934 டிசம்பரில் டவுன்ஸ் மருத்துவமனையில் கடைசியாகச் சேர்ந்து குடியை விட்டவர். அவரும் அதே ஆக்ஸ்ஃபோர்ட் குரூப்பின் நியூயார்க் கிளை வழியாக வந்தவர்தான். வெளியே வந்த சில மாதங்கள் கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் தன் ஆன்மிக அனுபவத்தைப் பிரசங்கம் செய்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த், பிரசங்கத்தை நிறுத்து, இது எப்படிப்பட்ட நோய், மருத்துவரீதியாக எவ்வளவு நம்பிக்கையற்றது என்பதை முதலில் சொல் என்று அறிவுரை சொன்னார்.

1935 மே மாதம் ஒரு ரப்பர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக வில்சன் ஆக்ரன் வந்தார். முயற்சி தோற்றது. மே 11, சனிக்கிழமை, மேஃபிளவர் ஹோட்டல் முகப்பில் தனியாக நின்றார், சட்டைப்பையில் சுமார் பத்து டாலர். ஒரு பக்கம் பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்றார். கிடைத்த பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டதில் கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் கிடைத்தார்.

அன்றே டாக்டரை வரவழைக்க ஹென்ரியட்டா முயன்றார். மறுநாள் அன்னையர் தினம். டாக்டர் மனைவிக்குப் பரிசாக ஒரு பூந்தொட்டி வாங்கிவந்து மேசை மேல் வைத்துவிட்டு, போதையில் மேசைக்கு அடியில் கிடந்தார். ஆகவே சந்திப்பு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தள்ளிப்போனது. நடுங்கிக்கொண்டே வந்த டாக்டர் வழியிலேயே மனைவியிடம் பேரம் பேசியிருந்தார்: பதினைந்து நிமிடம், அதற்குமேல் ஒரு நொடி இல்லை. கிளம்பியபோது இரவு பதினொன்றேகால்.

பேசியது என்ன? வில்சன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் குடியைப் பற்றிச் சொன்னார், எப்படி மறைத்தார், எப்படி விட்டுவிட்டுத் திரும்பினார் என்பதை. மதப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். முக்கியமாக, உங்களைக் காப்பாற்ற வரவில்லை, நான் குடிக்காமல் இருப்பதற்கு உங்களோடு பேசுவது எனக்குத் தேவைப்படுகிறது என்றார். குடிநோயைப் பற்றிச் சொந்த அனுபவத்திலிருந்து விஷயம் தெரிந்து பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று டாக்டர் பிறகு எழுதினார்.

சறுக்கல்

கதையை இங்கே முடிப்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் டாக்டர் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டுக்குப் போனார். ரயில் ஏறியதிலிருந்தே குடி. சில நாட்கள் எங்கே இருந்தார் என்றே தெரியவில்லை. கடைசியில் அவருடைய கிளினிக் செவிலியின் வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். அப்போது வில்சன் ஸ்மித் வீட்டிலேயே தங்கியிருந்தார். சில நாளில் ஓர் அறுவை சிகிச்சை காத்திருந்தது. ஆனும் வில்சனும் கூட இருந்து தக்காளிச் சாறு, சோளப்பாகு எல்லாம் கொடுத்து நடுக்கத்தைத் தணித்தார்கள். அறுவை சிகிச்சை நாள் காலையில் கை நிற்பதற்காக வில்சன் ஒரு பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. அமைப்பு அந்த நாளை 1935 ஜூன் 10 என்று கொண்டாடுகிறது. சிகிச்சை முடிந்து பல மணி நேரம் டாக்டர் வீடு திரும்பவில்லை, மறுபடி போய்விட்டார் என்றே நினைத்தார்கள். அவர் கடன்காரர்களையும் தான் புண்படுத்தியவர்களையும் தேடிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த சில வாரங்களில் ஒருவர் மறுபடி குடித்தால் "அந்தக் கூட்டமும் வேஸ்ட்" என்று வீட்டில் தீர்ப்பாகிவிடுகிறது. இந்த நிகழ்வை வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்புக்கு அவசரமே இல்லை. டாக்டர் சறுக்கியதும் எங்கே திரும்பி வந்தார், வந்தபோது அங்கே யார் இருந்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் குழுவில் இருந்தபோது அவர் ஒவ்வொரு முறையும் ஒளிந்துகொண்டு குடித்தார். இரண்டாவது முறை, குடித்ததை ஒளிக்க வேண்டியதில்லாத ஒருவர் வீட்டிலேயே இருந்தார்.

கொடுத்த பீரைப் பற்றி ஒரு வார்த்தை. இதை யாரும் வீட்டு வைத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவமனைதான் இடம், எந்தக் கூட்டமும் அதற்கு மாற்று இல்லை. டாக்டர் பாப்பும் பின்னாளில் புதிதாக வருபவர்களை முதலில் மருத்துவமனையில்தான் சேர்த்தார். 1939 முதல் ஆக்ரன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சிஸ்டர் இக்னேஷியாவோடு சேர்ந்து அவர் இதையே வேலையாகச் செய்தார்.

என்ன மாறியது

சுலபமான விடை, முதல் குழுவில் குடிகாரர் இல்லை, இரண்டாவதில் இருந்தார் என்பது. பாதி சரி. மறைக்கும் வித்தை தெரிந்தவரிடம் மறைக்க முடியாது. நிலக்கரித் தொட்டியில் பாட்டில் என்றால் ஹென்ரியட்டா பரிதாபப்பட்டிருப்பார், வில்சன் தலையாட்டியிருப்பார். பரிதாபப்படுபவர் முன்னால் குடிகாரர் எப்போதும் நோயாளியாகவோ பாவியாகவோ உட்கார வேண்டியிருக்கிறது. தலையாட்டுபவர் முன்னால் அப்படி இல்லை.

ஆனால் டாக்டரே 1948-ல் வேறொன்றைச் சொன்னார், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இருவரும் ஒரே இயக்கத்தில் இருந்தவர்கள். வில்சன் ஐந்து மாதம், தான் இரண்டரை ஆண்டு. வில்சன் அங்கிருந்து சேவை என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டார், தான் அதை எடுத்துக்கொள்ளவில்லை, ஏராளமாகப் படித்தேன், அவ்வளவுதான் என்றார். அதாவது ஐந்து மாதக்காரர் குடிக்காமல் இருந்தார், இரண்டரை ஆண்டுக்காரர் குடித்தார். முதல் குழுவில் டாக்டர் எப்போதும் பெறுகிறவர். எல்லாரும் அவருக்காகக் கவலைப்பட்டார்கள், ஜெபித்தார்கள். அவரால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அந்த ஞாயிறு மாலைதான் ஒரு வெளியூர்க்காரர் வந்து, நீங்கள் எனக்குத் தேவை என்கிறார்.

ஜூன் 10-க்கு அப்புறம் இருவரும் செய்த முதல் காரியம், இன்னொரு குடிகாரரைத் தேடியது. அந்தக் கோடையில் எடி என்ற இளைஞரை ஸ்மித் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். அது சரிப்படவில்லை, ஒரு நாள் அவர் கத்தியோடு ஆனைத் துரத்தினார். அடுத்து சிட்டி மருத்துவமனையில் கட்டிலோடு கட்டிப்போடப்பட்டிருந்த ஒரு வழக்கறிஞர், பில் டாட்சன். ஆறு மாதத்தில் எட்டு முறை சேர்க்கப்பட்டவர். கடவுள் நம்பிக்கை உள்ளவர், தேவாலயத்துக்கும் போய்வந்தவர், அது உதவவில்லை. ஜூன் கடைசியில் இருவரும் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர் அதற்குப்பின் குடிக்கவில்லை.

எடியை இந்த ஆய்வில் விட்டுவிடக் கூடாது. அதே ஆட்கள், அதே பேச்சு, அதே வீடு. அவருக்கு அப்போது ஒட்டவில்லை, பல ஆண்டுகள் கழித்து வேறொரு இடத்தில்தான் தெளிந்தார். ஒத்துப்போகும் கூட்டம் கிடைத்தாலும் நேரம் வராமல் போகலாம்.

ஒத்துவராதவர்கள் பிரிந்துபோனது

பிறகு நான்கைந்து ஆண்டுகள் ஆக்ரன் குடிநோயாளிகள் ஆக்ஸ்ஃபோர்ட் குரூப் வீட்டுக் கூட்டங்களுக்குள்ளேயே ஒரு துணைக்குழுவாக இருந்தார்கள். பக்கத்து ஊரான கிளீவ்லாந்திலிருந்து வாரந்தோறும் கார்களில் வந்தவர்களில் கத்தோலிக்கர் பலர். புராட்டஸ்டன்ட் இயக்கத்தின் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் பாவங்களை ஒப்புக்கொள்வது அவர்களுடைய சபைக்கு ஏற்புடையதாக இல்லை. குடியை விடுவதா, சபையை விடுவதா என்ற நிலை. 1939 மே மாதம் கிளாரன்ஸ் ஸ்னைடர் தலைமையில் அவர்கள் தனியே பிரிந்து கிளீவ்லாந்தில் ஒரு வீட்டில் கூடினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற பெயரில் கூடிய முதல் குழு அதுதான் என்று கருதப்படுகிறது. பிரிவு கசப்போடுதான் நடந்தது. ஆனால் சில மாதங்களிலேயே கிளீவ்லாந்தில் ஆட்கள் பெருகிய வேகம் ஆக்ரனை மிஞ்சியது.

நியூயார்க்கில் வேறு சிக்கல்கள். கடவுளைப் பற்றிய பேச்சே பிடிக்காத ஜிம் பர்வெல் போன்றவர்கள் அழுத்தம் கொடுத்ததால்தான், ஏஏவின் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் வரும் இடத்தில் "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்ற சொற்கள் சேர்ந்தன என்று சொல்வார்கள். 1939-ல் மார்ட்டி மான் என்ற பெண் புரூக்ளினில் வில்சன் வீட்டில் நடந்த கூட்டத்துக்கு வந்தார். கீழே கூட்டம், இவர் பயந்து மாடி அறையிலேயே இருந்துவிட்டார். வில்சனின் மனைவி லோயிஸ் மேலே போய்ப் பேசி அழைத்துவந்தார். தன் சிகிச்சை விடுதிக்குத் திரும்பியதும், நாம் இனித் தனியாக இல்லை என்று சக நோயாளியிடம் மார்ட்டி சொன்னது ஏஏ வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த வரி. அந்தக் கூட்டத்துக் குடிநோயாளிகள் ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள்தான், ஆனாலும் அவருக்குப் பொருந்தியது. எல்லாப் பெண்களுக்கும் அப்படிப் பொருந்தவில்லை. 1970-களில் ஜீன் கர்க்பாட்ரிக் என்ற சமூகவியலாளர் பெண்களுக்கென்றே வேறொரு இயக்கம் தொடங்கினார். கடவுள் பேச்சும் படிகளும் இல்லாத ஸ்மார்ட் ரெகவரி என்ற இயக்கம் 1990-களில் வந்தது. ஒவ்வொன்றும் யாரோ சிலர், இது எனக்கு ஒத்துவரவில்லை என்று உண்மையாகவே சொன்னதால் பிறந்தது.

ஏஏ வேலை செய்கிறதா என்பதற்கு இப்போது ஓரளவு நல்ல கணக்கு உண்டு. ஜான் கெல்லியும் உடன் ஆய்வாளர்களும் 2020-ல் வெளியிட்ட, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. ஏஏ வழியில் முறையாக ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஓராண்டில் முற்றிலும் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், வேறு சிகிச்சைகளில் 35. நல்ல வித்தியாசம்தான், ஆனால் நூற்றில் ஐம்பத்தெட்டுப் பேர் முதலாண்டில் ஒருமுறையாவது குடித்திருக்கிறார்கள் என்பதையும் இதே எண் சொல்கிறது. அதற்கு முன்பு 1990-களில் 1,726 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த புராஜெக்ட் மேட்ச் ஆய்வு, எந்த வகை ஆளுக்கு எந்த வகைச் சிகிச்சை என்று முன்கூட்டியே பொருத்திவிட முடியுமா என்று பார்த்தது. எதிர்பார்த்த பொருத்தங்களில் பெரும்பாலானவை பொய்த்துப்போயின. நின்ற சிலவற்றில் ஒன்று நமக்குப் பயன்படும்: யாருடைய நண்பர் வட்டம் முழுக்கக் குடிக்கிறதோ, அவருக்கு மூன்றாண்டுக் கணக்கில் ஏஏ வழி கூடுதலாக உதவியது. தினமும் மாலை ஏழு மணிக்கு உட்கார வேறு ஆட்கள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

இங்கே தேடுகிறவருக்கு

இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது என்று 2019-ல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு சொல்கிறது. ஆகவே நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஒத்துப்போகும் கூட்டத்தைத் தேடும் இடத்துக்கே வருவதில்லை. வருபவர்கள் பெரும்பாலும் சிகிச்சை மையம் வழியாக வருகிறார்கள். சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மையம் போன்ற இடங்களில் சிகிச்சை முடியும்போதே ஏஏ கூட்டங்களை அறிமுகப்படுத்துவார்கள். கூட்டங்கள் பெரும்பாலும் பள்ளி அறைகளிலும் தேவாலய வளாகங்களிலும் நடக்கும். வளாகத்தைப் பார்த்துவிட்டு மதம் மாற்றும் இடமோ என்று தயங்கித் திரும்பிப்போகிறவர்கள் உண்டு. அறை வாடகைக்கு, அவ்வளவுதான். உறுப்பினராகக் குடியை விடும் விருப்பம் மட்டும் போதும், கட்டணம் இல்லை, பெயரை முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

குழுக்களுக்குள் வித்தியாசம் அதிகம். ஒரே நகரத்தில் ஒரு குழுவில் கூலித் தொழிலாளர்கள் நிறைந்திருப்பார்கள், இன்னொன்றில் ஆங்கிலத்தில் பகிர்வு நடக்கும், ஒன்றில் பழைய உறுப்பினர் ஒருவர் மணிக்கணக்கில் பிரசங்கம் செய்வார். முதல் நாள் அந்தப் பிரசங்கக்காரரிடம் மாட்டிக்கொண்டவர் ஏஏ என்றாலே அதுதான் என்று நினைத்துவிடுகிறார். அவர் வேறு கிழமையில், வேறு பேட்டையில் நடக்கும் கூட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே நடக்கிறது என்று அந்தக் கூட்டத்திலேயே கேட்டால் சொல்வார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. திறந்த கூட்டங்களில் குடும்பத்தாரும் உட்காரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் தடவை மனைவியோ தம்பியோ கூட வரவேண்டும் என்றால் திறந்த கூட்டமா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இரண்டு மூன்று கூட்டங்கள் உட்கார்ந்த பிறகு என்ன பார்ப்பது? டாக்டர் பாப் நிகழ்விலிருந்து எனக்குக் கிடைப்பது இதுதான். அங்கே பேசுகிறவர்களில் ஒருவராவது, என்னை எங்கோ ஒளிந்து பார்த்திருக்கிறாரோ என்று நினைக்கவைத்தாரா? நேற்றுக் குடித்தேன் என்று அங்கே சொல்ல முடியுமா, சொன்னால் திட்டுவார்களா, பரிதாபப்படுவார்களா, டீ கொடுத்து உட்காரச் சொல்வார்களா? ஒரு மாதம் கழித்து நாற்காலி போடவோ, டீ ஊற்றவோ, புதிதாக வந்தவரோடு பஸ் ஸ்டாப் வரை நடக்கவோ என்னையும் கூப்பிடுகிறார்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் குழுவை மாற்றலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். முதலாவதற்கு ஆம் என்றால், பிரசங்கமும் பிடிக்காத ஆட்களும் இருந்தாலும், இன்னும் கொஞ்ச நாள் போய்ப் பார்க்கலாம். பெண்களுக்கு முதல் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது, அங்கே பாதுகாப்பாக இருக்கிறதா என்பது. பெண்கள் மட்டும் கூடும் இணையவழிக் கூட்டங்கள் இப்போது உண்டு, ஊரில் தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்ற பயமும் அதில் குறைவு.

குடும்பத்துக்கு இதில் என்ன வேலை? ஆனும் ஹென்ரியட்டாவும் இரண்டரை ஆண்டு பாடுபட்டும் டாக்டரின் குடியை நிறுத்த முடியவில்லை. பதினைந்து நிமிடச் சந்திப்பு ஒன்றை ஏற்பாடு செய்ய முடிந்தது, அது போதுமானதாக இருந்தது. நம் வீடுகளில் மனைவிமார் செய்யக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவே: குடியை விட்ட ஒருவரை ஒருநாள் வீட்டுக்கு வரவழைத்துப் பேசவைக்கலாம். சாப்பாட்டில் தெரியாமல் குடியை நிறுத்தும் மருந்தைக் கலப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். ஆட்களை வைத்துத் தூக்கிப்போய்ப் பூட்டிவைக்கும் பதிவில்லாத மையங்களும் வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல உதவிக்கு 14416. அவர் வர மறுத்தால் குடும்பத்தார் தாங்களே அல்அனான் கூட்டத்துக்குப் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கான அந்த அமைப்பை 1951-ல் தொடங்கியவர்களில் ஒருவர், மார்ட்டியை மாடியிலிருந்து அழைத்துவந்த அதே லோயிஸ். அதற்கு வீட்டில் குடிப்பவரின் சம்மதம் தேவையில்லை.